செக்ரோல் கிளாக்கர் எழுதிய புரோகிராம்

தோட்டத்து ஆபீஸில் கம்பியூட்டர் வந்த கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கொழும்பிலிருந்து தொடங்குவார்கள். நான் மறுமுனையில் இருந்தவன். ஸ்பிரிங்வெளியில் வீடு, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் செக்ரோல் கிளாக்கர் வேலை. தோட்டத்தின் பெயரும் கம்பெனியின் பெயரும் இந்தக் கட்டுரைக்கு வேண்டியதில்லை. புரோகிராமிங்கை நான் எந்த வகுப்பிலும் உட்கார்ந்து படித்ததில்லை. ஏ.எல். வர்த்தகப் பிரிவில் படித்துவிட்டு நேரே கிளாக்கர் வேலைக்கு வந்தேன். ஆனால் இருபது வருடத்துக்கும் மேலாக ஒரு தோட்டத்தின் சம்பளக் கணக்கு ஓடிய புரோகிராமைத் திருத்தி, ஒட்டுப்போட்டு, கடைசியில் திரும்ப எழுதி, உயிரோடு வைத்திருந்தது நான்தான்.

செக்ரோல் கையால் எழுதிய காலத்தைப் பார்க்காதவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று விளங்காது. விரித்தால் மேசையை மறைக்கும் புத்தகம் அது. ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் போட்டு, எந்த மலைக்கு எத்தனை ஆள் என்று பிரித்துவிடுவார்கள். கணக்கப்பிள்ளை தன் பொக்கட் செக்ரோலில் எழுதிக்கொள்வார். கொழுந்து நிறுத்து முடிந்ததும் கிலோ கணக்கு ஆபீஸுக்கு வரும். ஒரு நாள் வேலைக்கு முழுப்பேரா, அரைப்பேரா, ஞாயிறு வேலைக்கு ஒன்றரைப்பேரா, நோர்ம் என்கிற நாள் இலக்குக்கு மேலே எத்தனை கிலோ எல்லாம் பதிய வேண்டும். பிறகு பிடிப்புகள்: சங்கத்துச் சந்தா, முற்பணம், அரிசி மா, தேயிலைத்தூள், கோயில் காசு, மரண சகாயம், டோபி, பாபர், ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8. மாத முடிவில் குறுக்கே கூட்டியதும் நெடுக்கே கூட்டியதும் ஒன்றாக வரவேண்டும். வராத இரவில் பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் போகமாட்டார், எங்களையும் போகவிடமாட்டார். 10ஆம் திகதி சம்பளம் போட்டே ஆகவேண்டும்.

1992இல் ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் வைத்திருந்த தோட்டங்களை பிராந்தியக் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கம்பெனிக்காரர்களுக்கு மாதம் முடிந்த கையோடு உற்பத்திச் செலவு எவ்வளவு, ஒரு கிலோவுக்குக் கூலி எவ்வளவு என்று தெரியவேண்டும். அதற்காகத்தான் எங்கள் ஆபீஸுக்குக் கம்பியூட்டர் வந்தது. கிளாக்கர்மாரின் கைவலி தீரவேண்டும் என்று யாரும் வாங்கித் தரவில்லை.

கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்து புரோகிராமை ஏற்றினார். கெட்டிக்காரர். டொஸ்ஸில் ஓடும் கிளிப்பர் புரோகிராம், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. கிளிப்பர் என்றால் டிபேஸ் மொழியில் எழுதியதைத் தானே ஓடும் பைலாக மாற்றித் தருவது. அந்த டிபேஸுக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஜெட் புரொபல்ஷன் லெபோரட்டரியில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப் என்பவர், ஆபீஸில் நடக்கும் கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்று 1978இல் தன் வீட்டில் எழுதத் தொடங்கிய புரோகிராம் அது. பிறகு டிபேஸ் 2 என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. டிபேஸ் 1 என்று ஒன்று இருந்ததே இல்லை. உலகம் முழுவதும் எத்தனையோ சின்ன ஆபீஸ்களின் சம்பளக் கணக்கு அந்த மொழியில்தான் ஓடியது. தன் தேவைக்காக ஒருவர் செய்த சாமான் என்பதாலோ என்னவோ, வாசித்தால் விளங்குகிற மொழி.

அந்தத் தம்பி இரண்டாவது வருடமே வெளிநாடு போய்விட்டார். போவதற்கு முன் நான் கேட்டு வாங்கியது ஒன்றுதான்: சோர்ஸ் கோட். பிளொப்பிகளைக் காக்கி என்வலப்பில் போட்டுத் தந்தார். "இத வச்சு என்னண்ணே செய்யப்போறீங்க?" என்று சிரித்தார். எனக்கும் அப்போது தெரியாது. கணக்குப் புத்தகத்தின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்கிற கிளாக்கர் புத்திதான்.

சிக்கல் சீக்கிரமே வந்தது. நாள் சம்பளம் மாறியது, புரோகிராம் பழைய கணக்கிலேயே சம்பளத் துண்டு அடித்தது. மாற்றுவதற்குத் திரையில் இடமே இல்லை. கொழும்புக்கு போன் எடுத்தால் ஆள் இல்லை. நான் பைல்களை அகன்ற தாளில் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கத்தியதில் பெரிய கிளாக்கர், "யாருக்குடா இவ்வளவு நீளத் துண்டு?" என்று எட்டிப்பார்த்தார்.

எனக்குப் புரோகிராமிங் தெரியாது, ஆனால் செக்ரோல் தெரியும். அதுதான் என்னைக் காப்பாற்றியது. ஆளின் இலக்கத்தைத் தேடு, இருந்தால் இதைச் செய், பிறகு அடுத்த ஆளுக்குப் போ என்று இருந்த வரிகளை வாசிக்கும்போது, நான் வருடக்கணக்காகப் பேனாவால் செய்த வேலை அங்கே எழுதி வைத்திருப்பது தெரிந்தது. அந்தத் தம்பி எங்கே கூட்டுவார், எங்கே கழிப்பார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரியவேண்டியது அதை அந்த மொழியில் எப்படிச் சொல்கிறார் என்பது மட்டும். தாளின் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டு போனேன்: "இங்கே சந்தா", "இங்கே அரைப்பேர்", "இது எதுக்கு?" சம்பள இலக்கம் பைல்களுக்குள் பல இடங்களில் வெறும் எண்ணாகவே கிடந்தது. அவற்றைத் தேடி மாற்றி, கிளிப்பரில் கம்பைல் செய்து, லிங்க் செய்து, பழைய மாதத்தின் கணக்கை ஓட்டி, கையால் போட்ட கணக்கோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மனேஜர் தொரையிடம் சொன்னேன்.

புத்தகம் வாங்கப் பதுளையில் கடை தேடிப் பிரயோசனமில்லை. கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பெரும்பாலும் கைகொடுத்தது நோர்ட்டன் கைடு என்கிற சின்னப் புரோகிராம். ஒரு விசையைத் தட்டினால் திரையிலேயே கிளிப்பரின் ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கம் வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷுக்கு அது போதும். விளக்கம் விளங்காவிட்டாலும் கூடவே இருந்த உதாரணம் விளங்கியது.

நான் உண்மையில் படித்தது மின்வெட்டில்தான். 1996 வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றி நாடு முழுக்கக் கரண்ட் வெட்டினார்கள். அது நேரம் சொல்லி வரும் வெட்டு, சமாளிக்கலாம். எங்கள் பக்கம் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் நமுனுகலைப் பக்கம் கறுத்து இடி இறங்கினால், கரண்ட் சொல்லாமல் போகும். கொழுந்து கிலோ பதிந்துகொண்டிருக்கும்போது திரை அணைந்தால், திரும்பக் கரண்ட் வந்ததும் இன்டெக்ஸ் பைல் உடைந்திருக்கும். இருக்கிற ஆளையே இல்லை என்று சொல்லும். இன்டெக்ஸ் உடைந்தால் பயமில்லை, அழித்துவிட்டுத் திரும்பக் கட்டலாம். பயம் வேறு இடத்தில். பதிவுகள் இருக்கும் டிபிஎப் பைலின் தலைப்பகுதியில் மொத்தம் எத்தனை பதிவுகள் என்ற எண் இருக்கும். பதிவுகள் டிஸ்கில் எழுதப்பட்ட பிறகு, அந்த எண் திருத்தப்படும் முன் கரண்ட் போனால், அன்றைக்குப் பதிந்ததெல்லாம் பைலின் வாலில் கிடக்கும், புரோகிராமுக்கு மட்டும் தெரியாது.

ஒரு மாத முடிவில் இப்படி ஒரு பிற்பகலின் வேலை முழுவதும் காணாமல் போனது. பைலின் அளவைப் பார்த்தேன், குறையவில்லை. அப்படியென்றால் உள்ளேதான் இருக்கிறது. மொத்த அளவிலிருந்து தலைப்பகுதியின் நீளத்தைக் கழித்து, ஒரு பதிவின் நீளத்தால் வகுத்தால் உண்மையான எண்ணிக்கை வந்துவிடும். டிஸ்க் எடிட்டரில் பைலைத் திறந்து, அந்த எண் இருக்கும் நான்கு பைட்டுகளை மாற்றி எழுதினேன். சின்ன இலக்கம் முன்னாலும் பெரிய இலக்கம் பின்னாலுமாகத் தலைகீழாக எழுத வேண்டும். இன்டெக்ஸைத் திரும்பக் கட்டினேன், எல்லாப் பேரும் வந்தார்கள். அதற்குப் பிறகு பைல் என்பது என்ன, பதிவு என்பது என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து ஆபீஸில் ஒரு ஒழுங்கு போட்டேன். காலையில் இன்டெக்ஸ் கட்டாமல் யாரும் பதியக்கூடாது. மாலையில் பிளொப்பியில் பிரதி, வெள்ளிக்கிழமைப் பிரதி ஆபீஸில் இருக்கக்கூடாது. ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் என் சட்டைப் பையில் ஒரு தோட்டத்தின் சம்பளம் வரும்.

இனி சம்பளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் புரோகிராமின் கதை அதுதான். முதலாளிமார் சம்மேளனமும் மூன்று தொழிற்சங்கத் தரப்புகளும் கூட்டு ஒப்பந்தம் எழுதி எழுதி, நாள் சம்பளம் என்ற ஒன்று பல துண்டுகளாகிப் போனது. 2006இல் 260 ரூபாய் என்றால் அதில் அடிப்படை 170தான். விலைப் பங்கு 20, வரவுக்கு 70. 2009இல் 405: அடிப்படை 285, வரவுக்கு 90, விலைப் பங்கு 30. 2011இல் 515. 2013இல் 620: அடிப்படை 450, வரவுக்கு 140, விலைப் பங்கு 30. 2016இல் 730, அதில் 140 ரூபாய் நோர்ம் எடுத்தால் மட்டும். 2019இல் வரவுக்காசும் நோர்ம் காசும் போய் 700உம் 50உம் ஆனது. பேப்பரில் பெரிய எழுத்தில் வந்தது கூட்டுத்தொகை. சேமலாப நிதிக்குக் கணக்கில் எடுக்காத துண்டு எது, நூற்றுக்கு 75 நாள் வந்தால்தான் கிடைக்கும் துண்டு எது என்பதெல்லாம் செக்ரோல் கிளாக்கரின் தலையில்.

இரண்டாவது ஒப்பந்தத்திலேயே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சம்பள இலக்கம் எதுவும் புரோகிராமுக்குள் இருக்கக்கூடாது. தனியாக ஒரு பைல்: எந்தத் திகதியிலிருந்து, எந்தத் துண்டு, எவ்வளவு, சேமலாப நிதிக்குச் சேருமா சேராதா. புரோகிராம் வேலை நாளைப் பார்த்து அந்தப் பைலில் இலக்கத்தை எடுத்துக்கொள்ளும். பழைய வரியை அழிக்கக்கூடாது, புதிய வரியைக் கீழே சேர்க்க வேண்டும். ஒப்பந்தம் காலம் பிந்திக் கையெழுத்தாகி நிலுவை கொடுக்க வேண்டிவரும்போது, பக்கத்துத் தோட்டங்களில் கால்குலேட்டரோடு இரவிரவாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆபீஸில் பழைய மாதங்களைத் திரும்ப ஓட்டி வித்தியாசத்தை எடுத்தோம். எங்கள் மக்களின் சம்பளப் போராட்டத்தின் வரலாற்றை யாராவது எழுதப்போனால், அந்தச் சின்னப் பைலை நான் தரத் தயார். பேச்சு எதுவும் இல்லாமல் திகதியும் ரூபாயும் மட்டும் உள்ள வரலாறு.

ஆனால் எல்லாவற்றையும் பைலில் போட்டுவிட முடியாது. நூற்றுக்கு 75 என்றால் எதில் 75? தோட்டம் வேலை கொடுத்த நாட்களில். மழைக்குத் திருப்பி அனுப்பிய நாள் வேலை கொடுத்த நாளா? ஒரு மாதம் பல பெண்களுக்கு ஒரு நாள் குறைவால் வரவுக்காசு விழவில்லை. அடுத்த நாள் தோட்டத்துச் சங்கத் தலைவர் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"கிளாக்கரையா, அன்னைக்கு எட்டு மணிக்கு மலையிலிருந்து எறங்கச் சொன்னது யாரு? நாங்களா எறங்கி வந்தோம்?"

"தலைவரே, கணக்கப்பிள்ளை பேர் போடலயே. பேர் இல்லாட்டி மெஷினுக்குத் தெரியாது."

"மெஷினுக்குத் தெரியாட்டி நீங்க சொல்லிக்குடுங்க."

அவர் சொன்னது சரி. தொரையிடம் போனோம், கதைத்தார்கள், அந்த நாளுக்கு ஒரு தனிக் குறி வைப்பது என்று முடிவானது. அன்றைக்கே கணக்கப்பிள்ளைமாருக்கும் சொல்லிவிட்டோம். புரோகிராமில் நான் சேர்த்தது நான்கே வரி. முடிவு எடுத்தது ஆபீஸ் ஜன்னலில். கொழும்பிலிருந்து வரும் எந்த மென்பொருள்காரருக்கும் இந்த ஜன்னல் தெரியாது. அவர்கள் கெட்டிக்காரத்தனம் குறைந்தவர்கள் என்று சொல்லமாட்டேன், அவர்கள் கேட்கும் கேள்விப் பட்டியலில் மழை இருக்காது, அவ்வளவுதான்.

2000க்குப் பிறகு விண்டோஸ் கம்பியூட்டர் வந்தது. நான் மைக்ரோசொப்ட் அக்ஸஸுக்கு மாறினேன். அதன் விபிஏ மொழியில் எழுதப் பழகினேன். மாறியதற்கு முக்கிய காரணம் சம்பளத் துண்டு. டொஸ் புரோகிராம் துண்டை இங்கிலீஷில் சுருக்கெழுத்தாக அடிக்கும். எது எதற்கான பிடிப்பு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஸ்கூல் போகும் பிள்ளையிடம் காட்டுவார்கள். அந்தச் சுருக்கம் பிள்ளைக்கும் தெரியாது. தமிழில் துண்டு அடிக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

அப்போது எங்கள் நாட்டில் தமிழ் என்றால் பாமினி எழுத்துரு. பத்திரிகை, கல்யாணக் கார்ட், கோயில் நோட்டீஸ் எல்லாம் அதில்தான். பார்வைக்குத் தமிழ், உள்ளே இங்கிலீஷ். அ எழுத எம், ம எழுத கே. அம்மா என்று அடித்தால் பைலில் எம், கே, செமிகோலன், கே, எச் என்று கிடக்கும். கடிதம் எழுத அது போதும். டேட்டாபேஸில் போட்டால் கூத்து. பெயர்களை அகர வரிசைப்படுத்தச் சொன்னால் யமுனா முன்வரிசைக்கு வந்துவிடுவாள், ஏனென்றால் ய இருப்பது ஏ விசையில். அடுத்து உதயகுமார். அஞ்சலையும் அன்னம்மாவும் நடுவில் எங்கோ கிடப்பார்கள். ஒற்றைக்கொம்பு தனி விசை, எழுத்துக்கு முன்னால் வருவது. அதனால் பெருமாயி, தெய்வானை, செல்லம்மா எல்லாரும் ஒரே குடும்பம்போல ஒன்றாக நிற்பார்கள். இன்னும் மோசம், அக்ஸஸ் தேடும்போது பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது. பாமினியில் சின்ன கே ம, பெரிய கே மு. சின்ன பி குறில் சுழி, பெரிய பி நெடில் சுழி. முத்தம்மாவைத் தேடினால் மத்தம்மாவையும் சேர்த்துக் கொண்டுவந்து நிறுத்தும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் லதா எழுத்துருவோடு யூனிகோட் தமிழ் இருந்தது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற நானே ஒரு புரோகிராம் எழுதினேன். ஒன்றுக்கொன்று மாற்றுவது லேசு. கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ள வேண்டும், கொம்பும் காலும் சேர்ந்தால் ஒரே குறியாக்க வேண்டும். அதுவும் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டது கௌரியும் சௌந்தரமும். பாமினியில் ஔகாரக் குறிக்குத் தனி எழுத்து இல்லை, கொம்பும் ளகரமும்தான். அப்படியென்றால் "தெளிவு" என்பதில் வரும் ள எது, "கௌரி"யில் வரும் ள எது? அந்த ளகரத்துக்குப் பின்னால் சுழியோ காலோ புள்ளியோ வந்தால் அது உண்மையான ள, வராவிட்டால் ஔ என்று விதி வைத்தேன். பெயர்களுக்கு அது போதுமாக இருந்தது.

தமிழில் துண்டு அடித்த முதல் மாதம் ஜன்னலில் கூட்டம். "ஐயா, இந்தக் கோயில் காசு ரெண்டு தடவ இருக்கே?" "தம்பி, நான் மா எடுக்கவே இல்ல, இதுல மா போட்டிருக்கு." வாசிக்க முடிந்தவுடன் கேட்கத் தொடங்கினார்கள். சின்ன தொரைக்கு முகம் சுளித்தது. எனக்கு வேலை கூடியது உண்மை, அதைப்பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பெயர் என்றால் எங்கள் மக்களுக்கு இன்னொரு துன்பம். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதியில் ஒரு பெயர், செக்ரோலில் கணக்கப்பிள்ளை காதில் விழுந்த பெயர். 1948இல் குடியுரிமையை இழந்து, 1988, 2003 சட்டங்களால்தான் கடைசி ஆட்கள்வரை பிரஜைகளான சமூகம். அடையாள அட்டை பிந்தி வந்தவர்கள் ஏராளம். வேலையை விட்டு சேமலாப நிதிக் காசு எடுக்கப் போகும்போதுதான் எழுத்து வித்தியாசம் வந்து நிற்கும். வேலையில் இருக்கும்போதே இதைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு சோதனைப் பகுதி எழுதினேன். அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த வருடமும் நாளும் உண்டு. அன்றைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அதைப் பதிவில் உள்ள பிறந்த திகதியோடு ஒப்பிட்டால் பிழை தெரிந்துவிடும்.

ஓட்டினேன். மார்ச்சிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களில் பெரும்பாலானோர் பிழை என்று வந்தது. ஒரு நாள் வித்தியாசம். ஜனவரி, பெப்ரவரிக்காரர்கள் சரி. யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டது: அடையாள அட்டைக் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள்தான். 1970 மார்ச் 1ஆம் திகதி நாட்காட்டிப்படி வருடத்தின் 60ஆவது நாள், அட்டையில் 61. அந்தத் திகதியில் பிறந்த பெண் என்றால் 561. இதைத் திருத்திய பிறகு மிச்சமாக நின்றவைதான் உண்மையான பிழைகள். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பதால், பிறந்த வருடம் பிழையாக இருந்தால் காசு தள்ளிப்போகும். பட்டியலை எடுத்துக்கொண்டு கிராம சேவையாளரிடமும் பதுளைக் கச்சேரிக்கும் அவர்களை வேலை நாளிலேயே அனுப்பித் திருத்த வைத்தோம். எழுதிய எல்லாப் புரோகிராமிலும் எனக்கு அதிகம் பிடித்தது இந்தச் சின்னச் சோதனைதான்.

2016இல் அடையாள அட்டை இலக்கம் 12 ஆனது. அதுவரை ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். டேட்டாபேஸில் அந்தக் கட்டத்தின் அகலம் 10. அகலத்தைக் கூட்டுவது ஒரு நிமிட வேலை; அந்தப் பத்தை நம்பி எழுதப்பட்டிருந்த படிவம், துண்டு, சேமலாப நிதிக்கு அனுப்பும் பைல் எல்லாவற்றையும் தேடிப்பிடிப்பதுதான் வேலை. பராமரிப்பு என்று சொல்வதில் முக்கால்வாசி இந்தத் தேடல்தான்.

அதற்கிடையில் ஆபீஸுக்குப் புதிய கம்பியூட்டர் வந்தது, 64 பிட் விண்டோஸ். பழைய டொஸ் புரோகிராம் அதில் திறக்கவே இல்லை. புதிய கணக்கு அக்ஸஸில் ஓடுகிறதே, பழையது எதற்கு என்று மேலிடத்தில் கேட்டார்கள். எதற்கென்றால் சேவைக்காலப் பணத்துக்கு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்டத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம். தொண்ணூறுகளில் வேலை செய்ததற்குச் சாட்சி பழைய செக்ரோல்தான். புத்தகங்களைச் செல் அரித்திருந்தது. கிளிப்பர் மொழியை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஹார்பர் என்ற இலவசக் கம்பைலர் ஒன்றை 1999இலிருந்து உலகெங்கும் உள்ளவர்கள் கூடி எழுதிவருகிறார்கள். காக்கி என்வலப்பில் இருந்த அதே சோர்ஸ் கோட்டை ஹார்பரில் போட்டேன். பிரிண்டர் சம்பந்தப்பட்ட சில வரிகளை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. மற்றபடி அப்படியே ஓடியது. பழைய பதிவுகளை எடுத்துச் சேவைக்கால அறிக்கை அடித்தோம். சோர்ஸ் கோட் இல்லாத தோட்டங்களில் என்ன செய்தார்கள் என்று கேட்டால், வயதான கங்காணிமாரைக் கூப்பிட்டு ஞாபகத்தைக் கேட்டார்கள்.

2021இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபாய் என்று தீர்மானித்தது, 900உம் 100உம். கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனது. நோர்ம் எவ்வளவு என்பதும் எடுக்காவிட்டால் அரைப்பேரா என்பதும் பல தோட்டங்களில் தகராறானது. என் பைலில் ஒரு வரி கூடியது, ஜன்னலில் சத்தம் பல மடங்கு கூடியது. நோர்மைக் கூட்டுவதும் குறைப்பதும் திரையில் ஒரு எண்ணை மாற்றுகிற வேலை. அந்த எண்ணை யார் மாற்றலாம் என்பது புரோகிராமில் இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். யார், எந்தத் திகதியில், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு மாற்றினார் என்று பதிந்து வைக்கும் பகுதியை எழுதினேன். அதை யாரும் கேட்கவில்லை. இருந்தும், அதற்குப் பிறகு யாரும் போனில் சொல்லி எண்ணை மாற்றச் சொல்லவில்லை.

2024இல் நாள் சம்பளம் 1350 ரூபாய் ஆனபோது நான் வேலையில் இல்லை. இப்போது மலையிலேயே எலக்ட்ரோனிக் தராசு, கொழும்பிலிருந்து ஓடும் ஒரே மென்பொருள் என்று பல கம்பெனிகள் மாறிவிட்டன. நல்லதுதான், கரண்ட் போனால் பதிவு போகாது. ஆனால் மழைக்குத் திருப்பி அனுப்பிய நாளை எந்தக் குறியில் போடுவது என்று கேட்க ஜன்னல் இல்லை. உதவி கேட்டு டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். பதுளையிலேயே 2005இலிருந்து ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. லயத்துப் பிள்ளைகளும் கம்பியூட்டர் படிக்கிறார்கள். என் அனுபவத்தில், பேர் போடுவது என்றால் என்ன என்று தெரிந்தவருக்கு மொழியைக் கற்றுக்கொடுப்பது சில மாத வேலை. மொழி தெரிந்தவருக்குப் பிரட்டுக்களத்தை விளங்கவைப்பது அதைவிட நீண்ட வேலை. லயத்தில் பிறந்து கம்பியூட்டர் படித்த பிள்ளைக்கு இரண்டும் உண்டு. கம்பெனிகள் அந்தப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூப்பிடாமல் தோட்டத்து ஆபீஸுக்குக் கூப்பிட வேண்டும்.

தோட்டத்து ஆபீஸில் இப்போது வேலை பார்க்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சம்பளப் புரோகிராமின் சோர்ஸ் கோட் யாரிடம் இருக்கிறது, பழைய வருடங்களின் டேட்டா எந்த வடிவத்தில் எங்கே கிடக்கிறது, அதைத் திறக்க இன்றைக்கு ஒரு கம்பியூட்டராவது இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் தலைவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இந்த மாதச் சம்பளம் போட்டு முடிந்த கையோடு கேளுங்கள்.